அப்பா தங்கச்சி என்று கூப்பிட்டவர்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு வால்வு மாற்றியது. தரைத்தொட்டியிலிருந்து குழாயை மேலே இழுத்து, பழைய வால்வைக் கழற்றி, புதியதைப் பூட்ட வேண்டும். மோட்டார்களை வடிவமைப்பது என் தொழில். அப்பா ஆயுள் முழுக்கப் படகு இன்ஜின்களோடு இருந்தவர். மரையில் நான் வெள்ளை டேப் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

“இதுக்குத்தான் அவ்வளவு படிச்சியா? எதிர்ப்பக்கமா சுத்துறே. முறுக்கினா உரிஞ்சுக்கிட்டு வந்துடும்.”

அவர் சொன்னது சரிதான். மறுபடி அவரே சுற்றினார். குழாயை இறக்கி, தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றி, மோட்டாரைப் போட்டோம். மாடித்தொட்டி நிறையும்வரை வேறு வேலை இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்தோம். அம்மா மருந்துக்கடைக்குப் போயிருந்தார்.

“உங்க அத்தையைப் பத்தி ஒண்ணு சொல்லணும்” என்றார் அப்பா.

அந்த வாரமே, காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அன்று படிக்கட்டில் சொன்னதும், எனக்கு முன்பே தெரிந்ததும் சேர்ந்ததுதான் இது.

அப்பா ஆற்று முகத்துவாரத்தில் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடும் பயணப் படகில் மெக்கானிக். துறையில் எல்லோரும் அவரை இளவரசர் என்பார்கள். வெள்ளைச் சட்டையோடு இன்ஜின் அறைக்குள் இறங்குவார், அதே வெள்ளையோடு வெளியே வருவார். உள்ளே ஆணியில் ஒரு பழைய கிழிந்த சட்டை தொங்கியது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

கல்யாணத்துக்கு முன்பு, ஒரு சாயங்காலம், காற்றில் இழுபட்ட படகு துறைத்தூணில் மோதி உடைந்தது. பயணிகளை இன்னொரு படகு ஏற்றிக்கொண்டது. எண்ணெய்க் குழாயை அடைக்கக் கீழே இறங்கிய அப்பா மேலே வருவதற்குள் படகு சாய்ந்துவிட்டது. தொட்டி கிழிந்து டீசல் தண்ணீர் மேல் பரவியிருந்தது. பிறகு நடந்ததில் அவருக்கு நினைவிருந்தது ஒன்றுதான். தூக்கம் தூக்கமாக வந்தது. கண் சொருகும்போதெல்லாம் யாரோ இடது காது மடலைக் கிள்ளினார்கள், நகம் இறங்கும் அளவுக்கு. அந்த வடு கடைசிவரை இருந்தது.

கண் திறந்தபோது கரை மணல். மேலே குனிந்திருந்தது கரையோர மருத்துவமனையின் நர்ஸ். அவர்தான் என் அம்மா.

“நான் வந்தப்போ இவர் கரையிலதான் கிடந்தார். வாயைத் துடைச்சு விட்டேன், அவ்வளவுதான்” என்று அம்மா அன்றே சொன்னார். யாரும் கேட்கவில்லை. செய்ததைச் சொல்லிக்கொள்ளாத பெண் என்று அப்பாவின் சொந்தக்காரர்கள் பூரித்துப்போனார்கள். அம்மா மறுக்க மறுக்க அவர் பெருமை கூடியது. கல்யாணப் பேச்சு வந்தது. அம்மாவுக்கும் அவரைப் பிடித்திருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை.

வீட்டில் சண்டை வந்தால், அன்றைக்கு இந்த மனுஷன் என் கண்ணில் படாமலே இருந்திருக்கலாம் என்பார் அம்மா. காதைத் திருகி இழுத்து வந்தது நீதானே, அனுபவி என்பார் அப்பா. “நான் யார் காதையும் திருகல” என்று அம்மா முடிப்பார். நான் சிரிப்பேன். எங்கள் வீட்டுச் சண்டைகள் பெரும்பாலும் இந்த வரியோடு ஓய்ந்துவிடும்.

கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு, துறை அலுவலகத்துக்கு ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு மேஸ்திரி ஒருவர் வந்தார். படகுகளின் அடியில் ஒட்டும் சிப்பிகளை முங்கிச் சுரண்டும் கூட்டத்தின் மேஸ்திரி. அந்தப் பெண்தான் கூட்டத்திலேயே அதிக நேரம் மூச்சடக்குபவளாம். இனி முடியாது, ஒரு விபத்தில் தொண்டை வெந்து பேச்சுப் போய்விட்டது, பாதம் இரண்டும் கிழிந்துவிட்டது, கரையில் ஏதாவது வேலை இருந்தால் புண்ணியமாகப் போகும் என்று கேட்டார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அங்கே இருந்த என் அப்பாவையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

“எந்த விபத்துன்னு கேட்டிருக்கலாம். கேக்கல. பாவமா இருந்துச்சு. ‘உக்காரு தங்கச்சி’ன்னேன்.”

நல்ல எண்ணத்தில் சொன்ன சொல். துறையில் தனியாக வேலைக்கு வரும் இளம்பெண்ணை அப்படிக் கூப்பிட்டுவிட்டால் யாரும் வாலாட்ட மாட்டார்கள். அப்பா அதைத்தான் நினைத்தார். ஆனால் ஒரு பெண்ணைத் தங்கச்சி என்றுவிட்ட பிறகு அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் வேலை மிச்சமாகிவிடுகிறது. அப்பாவுக்கும் மிச்சமானது.

உயிர்காப்பு அங்கிகளைத் தைக்கும் அறையில் வேலை வாங்கிக் கொடுத்தார். நின்றுகொண்டே செய்யும் வேலை. கிழிந்த அங்கியைப் பிரித்து, தக்கையை மாற்றி, திரும்பத் தைப்பது. இளவரசரின் தங்கை என்பதால் அவருக்கு இளவரசி என்று பெயர் விழுந்தது. பட்டப்பெயரைச் சொல்லி யாராவது குனிந்து வணங்கினால், கத்தரிக்கோலைச் செங்கோல் மாதிரி உயர்த்திக் காட்டுவாராம். சாயங்காலங்களில் அப்பா தன் கல்யாணக் கதையை அவரிடம்தான் சொல்லியிருக்கிறார். நர்ஸ் எப்படித் தன்னைத் தண்ணீரிலிருந்து இழுத்தாள், எப்படிக் காதைக் கிள்ளிக்கொண்டே வந்தாள், எல்லாம்.

“அவ தையலை நிறுத்திட்டுக் கேப்பா. கதை பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்.”

கல்யாணம் முடிந்து பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு படகு அக்கரைக்குப் போனது. துறைக்காரர்கள் பாட்டுப் போட்டார்கள். மாப்பிள்ளையின் தங்கச்சி ஆடியே ஆக வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவர் ஆடினார். அப்படி ஓர் ஆட்டத்தை யாரும் பார்த்ததில்லையாம், தண்ணீருக்குள் இருப்பவர் மாதிரி எடையே இல்லாமல். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது அப்பா. மறுநாள் மேல்தளத்தில் சிவப்புத் திட்டுகள் இருந்தன. துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கிற சிவப்புப் பெயிண்டை எவனோ சிந்திவிட்டான் என்று திட்டிக்கொண்டே அவரே தேய்த்துக் கழுவினார்.

அத்தையின் பாதக் காயம் அன்று திறந்துகொண்டது அம்மாவுக்குத் தெரியும். கட்டுப் போட்டவர் அம்மாதான். அதிலிருந்து மாதம் ஒருமுறை அந்தப் பாதங்களைப் பார்ப்பது அம்மாவின் வேலையாயிற்று.

அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அங்கி அறைக்கு மேலேயே ஓர் அறையில் இருந்தார். நான் பிறந்து, பேச ஆரம்பித்து, அத்தை என்றேன். பள்ளி விட்டதும் அவர் மேஜைக்கு அடியில்தான் என் இடம். வீட்டில் அப்பா எனக்குக் கடல்கன்னி கதை சொல்வார். இளவரசனைக் காப்பாற்றிவிட்டுக் குரலைப் பறிகொடுத்த கடல்கன்னி. அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்ளும் இடம் வந்ததும் எனக்குக் கோபம் வரும். அவனுக்குக் கண் இல்லையா என்று கேட்பேன். “இளவரசன்னா அப்படித்தான், யாராவது சொன்னாத்தான் தெரியும்” என்று சிரிப்பார்.

ஒரு நாள் துறைமேடையின் விளிம்பில் ஓடி, வழுக்கித் தண்ணீரில் விழுந்தேன். அப்பா கரையை நெருங்கிக்கொண்டிருந்த படகில், மேல்தளத்தில். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கி அறையிலிருந்து அத்தை ஓடி வந்து குதித்தார். நடக்கும்போது நொண்டுகிறவர், தண்ணீருக்குள் அப்படி இல்லை. என்னை மல்லாத்திப் பிடித்து, ஒரு கையால் நீந்தினார். மறு கையின் விரல்கள் என் காது மடலில். நான் கண்ணை மூடினேன், கிள்ளினார். மறுபடி மூடினேன், மறுபடி கிள்ளினார்.

படகு தட்டியதும் அப்பா தாவி இறங்கி வந்தார். முதலில் என் காதைப் பார்த்தார். பிறகு அத்தையை. அத்தை ஈரத்தில் நடுங்கிக்கொண்டு கையை நீட்டி, அப்பாவின் இடது காதிலிருந்த வடுவைத் தொட்டார். சும்மா, இதோ என்பது போல.

இதை நானும் பார்த்தேன். குழந்தைக்கு என்ன புரியும். இத்தனை வருடம் எனக்கு அது வெறும் ஈரமும் நடுக்கமும்தான்.

“அவ சொல்லிட்டா. வாய் இல்லாதவ சொல்லிட்டா. எனக்குத்தான் வாய் வரல. தலையைத் திருப்பிக்கிட்டேன். சட்டையைக் கழட்டி அவ மேல போத்திட்டு, ‘ரொம்ப நன்றி தங்கச்சி’ன்னேன்.”

அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அவர் மாடித்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விழும் சத்தம் இன்னும் காலியான சத்தமாகவே இருந்தது.

அத்தை கையை எடுத்துக்கொண்டாராம். மறுநாள் வேலைக்கு வந்தார். அதற்குப் பிறகு அப்பாவின் காதை அவர் பார்க்கவே இல்லை. அப்பா எனக்குக் கடல்கன்னி கதை சொல்வதை நிறுத்திவிட்டார். எனக்கு வயதாகிவிட்டதால் என்று நினைத்திருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முதலில் அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று பயம். பிறகு, இவ்வளவு தாமதமாகச் சொன்னால் முதலிலேயே தெரிந்தது வெளிப்படும் என்று பயம். பிறகு அது பழகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா அழவில்லை, கோபிக்கவும் இல்லை.

“நான் காப்பாத்தலைன்னு ஆயுசு முழுக்கச் சொன்னேன். ‘அப்ப யாரு’ன்னு ஒரு தடவை கேட்டீங்களா?” என்றாராம்.

அம்மாவே வழியும் சொல்லியிருந்தார். அத்தைக்கு இப்போது கடைச் செருப்பு எதுவும் பொருந்துவதில்லை. அம்மா ஒரு தாளில் அவர் பாதங்களை வைத்து வரைந்து, எந்த இடத்தில் தழும்பு, எங்கே மெத்தென்று இருக்க வேண்டும் என்று குறித்து, அப்பாவிடம் கொடுத்தார். அளவுச் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள், வாங்கிக்கொண்டு நீங்களே போங்கள், கொடுக்கும்போது சொல்லிவிடுங்கள் என்றார்.

“இன்னிக்கே போய்ச் சொல்லுங்கப்பா” என்றேன். “நான் கூட வரேன்.”

“செருப்பு ரெடியாகட்டும். வெறுங்கையோட போய் என்னன்னு ஆரம்பிக்கிறது?”

“செருப்பு எதுக்கு? ‘நீதான்னு தெரியும்’னு சொன்னாப் போதாதா?”

“நீ டேப் சுத்துற மாதிரியே பேசுறே” என்றார். அதற்குள் தொட்டி நிறைந்து வழிந்தது. எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினார்.

அவர் இறந்த அன்று அத்தை வந்தார். தேய்ந்த ரப்பர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். துறைக்காரர்கள் சொந்தக்காரர்களிடம் அறிமுகம் செய்தார்கள், இளவரசரின் தங்கச்சி என்று. நான் அவரிடம் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்தார். அது அப்பா சொல்ல வேண்டியது என்பது அம்மாவின் எண்ணம். என்னால் அதை மறுக்க முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை.

நேற்று செருப்புக் கடைக்குப் போனேன். செருப்பு தைப்பவர் வயதானவர். அப்பா போய்விட்டார் என்றதும் சுத்தியலைக் கீழே வைத்தார். செருப்பு எப்போது தயாராகும் என்று கேட்டேன்.

“அது எப்பவோ ரெடிம்மா. நீங்களும் அவரும் வீட்டு மோட்டாரை ரிப்பேர் பண்ணினதா சொன்னாரே, அதுக்கும் ரொம்ப முன்னாடி. போன் பண்ணினா வருவார். கையில எடுத்து, உள்ளங்கால் பக்கம் தடவிப் பார்ப்பார். நல்லா வந்திருக்குன்னு சொல்லுவார். அப்புறம், ‘இங்கேயே இருக்கட்டும், நாளைக்கு எடுத்துக்கிறேன்’னுட்டுப் போயிடுவார். கடைசியா வந்ததும் போன வாரந்தான்.”

அலமாரியில் மேல்தட்டைக் காட்டினார். தாளில் சுற்றி, நூல் கட்டி, மேலே அப்பாவின் பெயர் எழுதியிருந்தது. எடுத்துத் தரட்டுமா என்று கேட்டார்.

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.