ஓய்வுநாளில் திறந்த கதவு

என் மனைவி ஞானத்தின் மூச்சை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எதையும் எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவன். பஸ்ஸில் ஏறினால்கூட இருக்கைகளை எண்ணாமல் உட்காரமாட்டேன். அன்று எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்தது. ஒரு மூச்சு வெளியே போனதும், அடுத்தது வருமா என்று குனிந்து பார்த்தேன்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். நாங்கள் விட்டு வந்த ஊரில் சண்டை ஓய வேண்டுமென்று, குடியேறிய நாட்டில் எங்கள் சபையில் உபவாச ஜெபம் அறிவித்திருந்தார்கள். பின்னேரம் ஸ்காபரோவில் கூட்டம். காலையிலிருந்து நாங்கள் இருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை. ஞானத்துக்கு நீரிழிவு. வழக்கம்போல இன்சுலின் ஊசியை மட்டும் போட்டுவிட்டாள். ஊசி போட்டால் சாப்பிட்டேயாக வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். ஆண்டவருக்காக ஒரு நாள்தானே, அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டோம்.

"கை ஒருமாதிரி நடுங்குது" என்றாள்.

"கொஞ்சம் தேத்தண்ணியெண்டாலும் குடியுமன்."

"விசர்க்கதை கதையாதேங்கோ. ஜெபம் முடியட்டும்."

சற்று நேரத்தில் சட்டை நனைய வியர்த்தது. என்னைப் பார்த்து, "நீங்கள் ஆர்?" என்று கேட்டாள். அப்படியே கதிரையில் சரிந்துவிட்டாள். சீனித் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடி வந்தேன். பல் இறுகிப்போயிருந்தது. தொலைபேசியை எடுத்தேன். அது முதல்நாளே பழுதாகியிருந்தது. திங்கட்கிழமைதான் ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மகள் வேலையில். ஓடிப்போய்ப் பக்கத்து இரண்டு கதவுகளையும் தட்டினேன். ஆளில்லை.

மிஞ்சியது மிஸ்ரர் கிளைனின் வீடு.

நாங்கள் இருந்தது பாதர்ஸ்ட் வீதியில், யூதர்கள் நிறைய வாழும் ஒரு அடுக்குமாடியின் ஐந்தாம் மாடி. மிஸ்ரர் கிளைன் என்னிலும் மூத்தவர், மனைவியை இழந்தவர், கடும் பக்திமான். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இருட்டும்வரை அவருக்கு ஓய்வுநாள். நெருப்பு மூட்டமாட்டார், விளக்கின் சுவிட்சைத் தொடமாட்டார், தொலைபேசியை எடுக்கமாட்டார், லிப்ட்டில் ஏறமாட்டார். ஜெபாலயத்துக்கு ஐந்து மாடியும் படியால் இறங்கித்தான் போவார். எங்களிடம் உதவிகூட நேரே கேட்கமாட்டார். அவர் பேசுவது ஆங்கிலம். என் தமிழில் எழுதுகிறேன். "மிஸ்ரர் சாமுவேல், என்ர படுக்கையறையில லைற் எரியுது. கிழவனுக்கு எப்பிடி நித்திரை வரும்?" என்பார். நான் போய் அணைப்பேன். "நான் ஒண்டும் கேக்கேல்லை, பாத்தீரோ" என்று சிரிப்பார்.

அதனால்தான் அந்தக் கதவின் முன் என் கால் ஓடவில்லை. மணியை அழுத்தலாமா? அது மின்சாரம். தட்டினாலும் என்னவென்று கேட்பது? ஓய்வுநாளை உடையுங்கள் என்றா? கதவு நிலையில் சாய்வாக அடித்திருந்த சிறு பேழையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடவுள் ஒருவரே என்னும் அவர்களுடைய அறிக்கை அதற்குள் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டு முத்தமிடாமல் அவர் நடந்ததில்லை. அந்தப் பக்கம் என் ஞானம் சாகிறாள், இந்தப் பக்கம் இன்னொருவரின் பரிசுத்த நாள். "ஆண்டவரே, எனக்கு யோசிக்கத் தெரியேல்லை. நீர்தான் இந்தக் கதவைத் திறக்கவேணும்" என்று வாய்விட்டு அழுதேன்.

கதவு திறந்தது.

கோட்டும் தொப்பியுமாக மிஸ்ரர் கிளைன் நின்றார். பின்னேர ஆராதனைக்குப் புறப்பட்டிருக்கிறார். நான், "மனுசி... மூச்சு..." என்றேன். ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே திரும்பி ஓடித் தொலைபேசியைப் பிடித்தார்.

"விடுங்கோ, நான் நம்பரை அமத்துறன். நீங்கள் தொடக்கூடாது" என்று கையை நீட்டினேன்.

என் கையைத் தட்டிவிட்டார். "இது என்ர வேலை."

அவர் விரல் நடுங்கவில்லை. அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு என் வீட்டுக்கு ஓடினார். கதவு நிலையைத் தொட மறந்து அவர் போனதை அன்றுதான் பார்த்தேன். வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று தொலைபேசியில் சொன்னார்களாம். இருவருமாக ஞானத்தை நிலத்தில் பக்கவாட்டாகப் படுக்கவைத்தோம். பிறகு அவர் வெளியே போனார். எட்டிப் பார்த்தேன். எந்தச் சனிக்கிழமையும் லிப்ட்டின் பக்கம் போகாத மனிதர், அதில் ஏறிக் கீழே போனார்; அம்புலன்ஸ்காரர் வரும்வரை அங்கே அதன் பொத்தானை அமத்திப் பிடித்தபடி கதவை மறித்து நின்று, அவர்களைக் கூட்டிவந்தார்.

அவர்கள் ஞானத்தின் கையில் குளுக்கோஸ் ஊசி ஏற்றினார்கள். நான் திரும்பவும் மூச்சை எண்ணத் தொடங்கினேன். பிறகு ஞானம் கண்ணைத் திறந்தாள்.

"ஜெபத்துக்கு நேரமாச்சே?" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அவளைத் தள்ளுகட்டிலில் வைத்துக் கொண்டுபோகும்போது மிஸ்ரர் கிளைன் கேட்டார்: "இவவின்ர பேர் என்ன? தாயின்ர பேர் என்ன?"

"ஞானம். தாய் அன்னம்மா."

நோயாளிக்காக அவர்கள் தாயின் பெயரைச் சொல்லித்தான் ஜெபிப்பார்களாம். "அன்னம்மாவின் மகள் ஞானம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். லிப்ட்டில் அல்ல. உயிர் தப்பியதும் அவருக்குத் திரும்பவும் ஓய்வுநாள், படியால் இறங்கினார்.

இரண்டு நாள் கழித்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் ஓய்வுநாளைப் பற்றி அல்ல. "எவ்வளவு நேரம் வெளியில நிண்டனீர்?"

சொன்னேன்.

"ஏன் கதவை உதைக்கேல்லை?" உயிர் போகும் நேரத்தில் ஓய்வுநாளை மீறுவது குற்றமல்ல, அதுவே கட்டளை என்றார். அதை வேறு ஆளிடம் தள்ளிவிடவும் கூடாது. அங்கே இருப்பவர்களில் பெரியவன்தான் முதலில் கைவைக்க வேண்டும். தங்களுடைய மகா உபவாச நாளில்கூட, சாப்பிடாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றால் சாப்பிடத்தான் வேண்டும். "உயிரைத் தந்தவர், அதைக் கொண்டு வா எண்டு கேப்பாரோ?"

அந்தக் கேள்வி என்னை மாற்றிவிட்டது. அதுவரை நான் ஆண்டவருக்குப் பயந்தது, பிரம்போடு நிற்கும் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்குப் பயந்ததுபோல.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர்களுடைய மகா உபவாச நாள் வந்தது. மிஸ்ரர் கிளைனுக்கு இருதய வருத்தம் முற்றியிருந்தது. தண்ணீர் குடிக்காமல் இருக்கக்கூடாது என்று டொக்டரும் சொன்னார், அவருடைய மதகுருவான ரபியும் சொன்னார். ஒரு வாய்க்கும் குறைவாக, இடைவெளி விட்டு விட்டுக் குடிக்கவேண்டும். அளவு பார்க்க என்னைக் கூப்பிட்டார். மணிக்கூட்டோடு பக்கத்தில் இருந்தேன். முதல் மிடறைக் கோப்பையில் எடுத்தவர் உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கண் நிறைந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து அவர் அந்த நாளில் ஒரு துளியும் குடித்ததில்லை. அன்று ஓய்வுநாளில் நடுங்காத கை, இப்போது நடுங்கியது.

"குடியுங்கோ, மிஸ்ரர் கிளைன்," என்றேன். "என்னை உதைக்க வைக்காதேங்கோ."

குடித்தார்.

இதை வாசிக்கிறவர்களே, ஞானம் இப்போதும் என்னோடு இருக்கிறாள். ஜெப நாட்களில் முதலில் சாப்பிடுகிறாள், பிறகு முழங்காலில் நிற்கிறாள். அவள் மத்தியானம் கண்ணயர்ந்தால் நான் இன்னும் மூச்சை எண்ணத்தான் செய்கிறேன். என் பயம் முழுதாகப் போய்விட்டதென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் எண்ணி முடித்ததும் நன்றி சொல்கிறேன். உங்களுக்கும் ஒரு கதவின் முன் அப்படி ஒரு மத்தியானம் வரலாம். கடவுள் கோபிப்பாரோ என்று வெளியே நிற்காதீர்கள். உங்கள் வீட்டில் கிடக்கும் உயிர் அவருடையது. உதையுங்கள்.