முத்தையா கொண்டுவந்த ஜப்பான் சொல்

இன்று விடியற்காலையில் எங்கள் பக்கத்து வீட்டுக் கருப்பாயி இறந்துபோனாள். நான்கு நாள் காய்ச்சல்தான்.

அவள் புருஷன் முத்தையா பத்து வருஷம் பினாங்கில், ஒரு ஜப்பான்காரரின் சலவைக்கடையில் வேலை பார்த்தவர். போன மாதம்தான் கப்பலில் வந்து இறங்கினார். அத்தனை வருஷமும் வயலையும் மூன்று பெண்பிள்ளைகளையும் அவள் ஒருத்தியே பார்த்துக்கொண்டாள்.

பாடையைத் தூக்கும் நேரம், முத்தையா குனிந்து அவள் காதருகே, "ஒட்சுகரேசமா" என்றார்.

கருப்பாயியின் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பாசை மாப்ள இது? இந்நேரத்துலகூடத் தமிழ்ல ஒரு வார்த்தை வரலையா?"

"ஜப்பான் பாசை மச்சான். சாயங்காலம் வேலை முடிஞ்சு கிளம்புறப்ப ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாக. ரொம்பப் பாடுபட்டீக, அலுத்திருப்பீகன்னு அர்த்தம். கடையில எல்லாருக்கும் தினமும் சொன்னேன். இவளுக்குத்தான் ஒரு நாளும் சொல்லலை."

அண்ணன் முத்தையாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளித்துவிட்டு வீட்டுக்குள் போனேன். என் மனைவி துக்க வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்துவிட்டு, அப்போதுதான் உலை வைத்திருந்தாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அடுப்படியில் நின்றேன்.

"சோறு ஆச்சா?" என்றுதான் வாயில் வந்தது.

நம் வீடுகளில் அந்த ஜப்பான் சொல்லுக்கு என்னதான் சொல்கிறோம்? தெரிந்தவர்கள் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.