கத்தும் கம்பளி

சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்தபோது, ஒரு மார்கழியில் பத்து நாள் மழை விடவில்லை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்குள் ஆடு வைத்திருப்பவர்களை எழுதி வரும்படி தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என்னை அனுப்பினார். அகப்பட்டால் வேலை போய்விடும்.

கடைசி வீட்டில் மாட்டுவண்டிக்காரர் இருந்தார். குச்சி உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய மீசை. பலகைச் சுவரின் இடுக்குகளில் கிழிந்த சாக்கைத் திணித்துவிட்டு, இரண்டு ஆடுகளுக்கு நடுவே சுகமாகப் படுத்திருந்தார்.

"வீட்டுக்குள்ள ஆடு வைக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"ஆடா? இது கம்பளிங்க, கிராணி ஐயா."

"கம்பளி கத்துமா?"

"கடைக் கம்பளிக்குக் காசு வேணும். நனைஞ்சா காயாதுலா. இது தானா காயும், குட்டியும் போடும். நீங்க ஏன் நடுங்குறீங்க? வந்து உக்காருங்க."

மழையில் தொப்பலாக நனைந்திருந்ததால் உட்கார்ந்தேன். ஓர் ஆடு என் முதுகில் சாய்ந்துகொண்டது. கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

ஆடு எதுவும் இல்லை என்று துரையிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் நம்பிவிட்டார். என் மனைவிதான் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, குளிக்காமல் உள்ளே வரக்கூடாது என்றாள்.

பிறகு ஈப்போவில் நல்ல விலைக்குக் கம்பளி வாங்கினேன். அன்றைக்கு வந்த தூக்கம் மட்டும் வரவே இல்லை.