கையை விடச் சொன்ன விதி

குழந்தையைச் செம்மறியாட்டின் முதுகில் ஏற்றி ஓடவிடுவதற்கு ஜெர்மனியில் ஒழுங்கான நடைமுறை உண்டு என்பதைப் போன கோடையில்தான் அறிந்தேன். ஓய்வு பெறும்வரை இங்கே நகரசபைக் கவுண்டரில் தமிழருக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். நாய்க்கு வரி கட்டுவது முதல் இறந்தவரைப் பதிவது வரை எல்லா அன்ட்ராக் விண்ணப்பமும் என் கையால் போயிருக்கிறது. இது மட்டும் வந்ததில்லை.

பீலெஃபெல்டுக்கு வெளியே ஒரு பண்ணையில் கௌபாய் விளையாட்டுகள் நடக்கும் ரோடியோ நாள். குதிரை பார்க்கப் போகிறோம் என்றுதான் மகள் என்னைக் கூட்டிப்போனாள். வாசலில் ஐந்து வயதுப் பேத்தியின் முதுகில் எண் ஒட்டினார்கள். செம்மறிச் சவாரிக்கு அவளை மகள் முன்பே பதிந்திருந்தாள். வாயில் இருந்த பாணும் சொசேஜும் அப்படியே நின்றுவிட்டன.

எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். காப்புறுதி உண்டா, மிருகவைத்தியர் எங்கே, முதலுதவிக்கு யார் என்று கேட்டேன். கௌபாய்த் தொப்பி போட்ட பயிற்சியாளர் பெண் எல்லாவற்றையும் சிரித்தபடி காட்டினார். இந்த நாட்டில் உரிய பத்திரம் இருந்தால் எந்தப் பைத்தியக்காரத்தனமும் சட்டப்படி நடக்கும்.

"அப்பா, சும்மா இருங்கோ," என்றாள் மகள். "என்னைச் சைக்கிள் பாரில வச்சு மலையால இறக்கினனீங்கள். அப்ப ஹெல்மெட் இருந்ததே?"

ஹெல்மெட் இருக்கவில்லைதான்.

பயிற்சியாளர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒரே ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்தார். சரியத் தொடங்கினால் உடனே கையை விட வேண்டும். மணல் மெத்தென்றிருக்கும், விழுந்து உருளலாம். பிடித்துக்கொண்டே இருந்தால் பிள்ளை ஆட்டின் காலடிக்குள் போய்விடும். எல்லோரையும் திருப்பிச் சொல்ல வைத்தார். என் பேத்திதான் உரக்கச் சொன்னாள். முதலில் போன பையன் விழுந்து, மணலைத் துப்பிவிட்டுச் சிரித்தான். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பேத்தியின் முறை. கதவு திறந்ததும் ஆடு எறிந்த கல்லைப் போலப் பாய்ந்தது. அவள் பாதி வழியிலேயே ஒரு பக்கம் சரிந்தாள். விரல்கள் கம்பளியிலிருந்து கழன்றுகொண்டிருந்தன. அப்போது என் காதருகே ஒரு குரல்:

"பிள்ளை, விடாதை! இறுக்கிப் பிடி!"

என் மகள். பிள்ளையிடம் கோபத்தைக்கூட ஜெர்மன் மொழியில் காட்டுபவள். அவை சைக்கிள் பாரில் இருந்த அவளிடம் ஒவ்வொரு இறக்கத்திலும் நான் சொன்ன சொற்கள்.

பேத்தி அம்மா சொல்லைத் தட்டவில்லை. மறுபடியும் இறுக்கிப் பிடித்தாள். ஆட்டின் வயிற்றுக்குக் கீழே தொங்கினாள். ஹெல்மெட் மணலில் கோடு இழுத்தது, குளம்புகள் முகத்துக்கு இரு பக்கமும் விழுந்தன. உதவியாளர்கள் கையை விடும்படி ஜெர்மனில் கத்திக்கொண்டு ஓடினார்கள். அந்த மைதானத்தில் அம்மாவின் உத்தரவுக்கு மேல் உத்தரவு இல்லை.

"அம்மா, ஏலாது!"

தமிழில் என்ன கேட்டாலும் ஜெர்மனில் பதில் சொல்லும் பிள்ளை அது. மகள் வேலியை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"கையை விடு பிள்ளை," என்று கத்தினேன். "அம்மப்பா சொல்லுறன், விடு."

விட்டாள். ஆடு அவளைத் தாண்டிப் போனது.

பார்வையாளர்கள் தாண்டக்கூடாது என்று எழுதியிருந்த வேலியை நான் எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. பேத்தி எழுந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது, இரண்டு கையிலும் கம்பளி. பயிற்சியாளர் கைகால்களை மடக்கிப் பார்த்தார், எலும்பு எதுவும் முறியவில்லை. பிறகு என்ன கத்தினீர்கள் என்று மகளிடம் கேட்டார். அவள் பிள்ளையின் ஹெல்மெட் வாரைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். வழக்கம்போல நான்தான் மொழிபெயர்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

காருக்குள் மகள் சாவியைத் துவாரத்தில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னனான் எண்டு தெரியேல்லை, அப்பா."

எனக்குத் தெரிந்திருந்தது. சீட் பெல்ட்டை இழுத்துப் பூட்டினேன்.

பின்னிருக்கையிலிருந்து பேத்தி, கம்பளியை இன்னும் விடாமல், தன் வழக்கமான ஜெர்மனில் கேட்டாள்: அடுத்தமுறை ஏறும்போது யார் சொல்வதைக் கேட்பது?

சாவி மகளின் கையிலிருந்து கீழே விழுந்தது.