தொட்டுப் பார்க்கலாம்

ஊர்க்காரர்களே எட்டிப் பார்க்காத இடத்துக்கு வெளியூர்க்காரர் எப்படி வருவார்? விருத்தாசலம் வட்டாரப் பூங்கா, சுற்றுலாக் குழுவின் தலைவி தனக்கோடியை இந்தக் கேள்வி விடவில்லை. இந்தப் பொங்கலுக்கும் கூட்டம் சேராவிட்டால், பீங்கான் பொம்மைகள் வைத்த பூங்காவை லாரி நிறுத்தமாக்கிவிடுவார்கள்.

"தொடாதீர்கள்" பலகைகளைப் பிடுங்கச் சொன்னார்.

"பொம்மைங்க ஒடைஞ்சிடும் மேடம்," என்றார் காவலாளி ஜெயராஜ்.

"ஒடைஞ்சா செய்ய இந்த ஊருல ஆளா இல்ல? களிமண்ணையும் கொண்டாந்து கொட்டுங்க. புள்ளைங்க பிசையட்டும்."

காணும் பொங்கலன்று வெளியூர் ஜனங்கள் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். கையெல்லாம் மண்ணோடு குடும்பங்கள் பூங்காவை நிறைத்தன. லாரிப் பேச்சு அன்றோடு ஒழிந்தது.

"எத்தினி ஒடைஞ்சுது ஜெயராஜ்?"

"ஒண்ணுதாங்க. அதும் என் கை பட்டு."

அடுத்த முறையும் தனக்கோடியே தலைவியாகத் தொடர வேண்டுமென்று குழு ஒருமனதாகக் கேட்டது. அவர் மறுத்துவிட்டார். காரணம் சொல்லாமல் களிமண் குவியலுக்குப் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து பிசையத் தொடங்கினார்.