மலைக்காரன் மார்பில் ஒரு கட்டி

புலிக்கே பயப்படாதவன் நான். பொய், ஊசியைப் பார்த்தாலே புளியமரம் ஏறிவிடுவேன்.

எனக்கு மார்புவலி வந்தபோது அடிவாரத்து டாக்டர் எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. "மலை ஆளா? அப்ப டி.பி.தான். புள்ளயத் தொடாதே" என்றார். ஆறு மாதம் ஊசி. நானும் மக்கு மாதிரி நம்பி, சாமைக்கொல்லைக் காவல் பரணில் தனியாகப் படுத்தேன். மூன்று வயது மகள் கீழே நின்று அழுவாள்.

வலி போகவில்லை. வேலூரில் எக்ஸ்ரே எடுத்து, கட்டியை அறுத்தெடுத்துப் பரிசோதித்த டாக்டரம்மா, "நரம்பு உறையில வளர்ந்த கட்டிங்க. புற்றும் இல்ல, டி.பி.யும் இல்ல. யாருக்கும் ஒட்டாது" என்றார்.

"அப்ப இன்னாத்துக்குங்க எம்பொண்ணத் தூக்காம இருந்தேன்?" என்று கத்தினேன்.

கட்டுப் பிரித்ததும் அந்த அடிவாரத்து டாக்டரிடம் நேராகப் போய்...

"நைனா, தூக்கு!"

மகள் கூப்பிடுகிறாள். டாக்டர் கதை காத்திருக்கட்டும். இவள் ஆறு மாதம் காத்திருந்தவள்.