கல்கத்தா ரோட்டில் நின்ற போலீஸ் மாமா

கும்மிடிப்பூண்டியில் நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. அறுபதுகளில் அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெரும்பாலும் வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். அவளுடைய அப்பா அப்படிச் செய்யவில்லை. அவர் எங்கள் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில் கான்ஸ்டபிள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து தலைமையாசிரியர் முன்னால் நின்றிருக்கிறார். "பாடம் வரலன்னா பரவால்ல சார். நாலு பசங்களோட ஒக்காந்துகினு இருக்கட்டும்" என்றாராம். எங்கள் டீச்சர் இதைப் பிற்பாடு என் அம்மாவிடம் சொன்னார்.

நாங்கள் எல்லோரும் அவரைப் போலீஸ் மாமா என்போம். கஞ்சி போட்டு விறைத்து நிற்கும் காக்கி நிஜார், அதற்குக் கீழே ஒல்லியான கால்கள், தலையில் சிவப்புத் தொப்பி. வேறு ஊர்களில் சோறு உண்ணாத பிள்ளைகளைப் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று மிரட்டுவார்கள். எங்கள் தெருவில் அந்த மிரட்டல் செல்லவில்லை. பிடித்துக் கொடுத்தால் நல்லதுதான் என்று நினைத்த பிள்ளைகள் நாங்கள்.

எங்கள் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் கல்கத்தா ரோடு. ஆந்திராவிலிருந்து பட்டணத்துக்கு வரும் லாரிகள் எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். அரிசி மூட்டை, சவுக்குக் கட்டை, மிளகாய் வற்றல். மிளகாய் லாரி கடந்து போனால் பிள்ளைகள் வரிசையாகத் தும்முவோம். காலையிலும் சாயங்காலமும் மாமா அங்கே வந்து நிற்பார். அது அவருக்குக் கொடுத்த வேலை இல்லை. ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு அவராகவே நின்றார். உள்ளங்கையை எங்கள் பக்கம் காட்டினால் நிற்க வேண்டும். அதே கையைத் தன் நெஞ்சுப் பக்கம் இழுத்தால் வர வேண்டும். விசில் வைத்திருந்தார், ஆனால் பிள்ளைகளுக்காக அதை ஊதியதில்லை. மகளுக்கு எது கேட்காதோ அதை மற்றப் பிள்ளைகளுக்கும் அவர் பயன்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பீரியடில் பள்ளிக்கூடத்துக்கு வருவார். பிரேயர் நடக்கும் இடத்தில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டு அதுதான் ரோடு என்பார். எங்களையெல்லாம் காதுக்குள் விரலை விட்டுக்கொண்டு அந்தக் கோடுகளைத் தாண்டச் சொல்வார். "காதை நம்பாத கண்ணு. கடல்காத்து அடிச்சா லாரி சத்தம் பக்கத்துல வர்ற வரைக்கும் கேக்காது. கண்ணால பாரு, ரெண்டு பக்கமும் பாரு." எங்கள் வகுப்புப் பெண் மட்டும் காதைப் பொத்த வேண்டியதில்லை. எங்கள் எல்லோரையும்விட அவள்தான் சரியாகத் தாண்டுவாள். அந்த ஒரு பீரியடில் அவள்தான் முதல் மாணவி. அவளுக்கு நாங்கள் கைதட்டுவோம். அவள் எங்கள் கைகளைப் பார்த்துச் சிரிப்பாள்.

ரோடு மட்டும் இல்லை. கிணற்றுச் சுவரில் உட்காரக் கூடாது, ரயில் தண்டவாளத்தில் கல் வைக்கக் கூடாது, தெரியாதவர் மிட்டாய் கொடுத்துக் கூப்பிட்டால் வாய்விட்டுக் கத்த வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தருவார். கூட்டத்தில் தொலைந்து போனால் அழுதுகொண்டு அலையக் கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பார். ஒருமுறை அப்பா எங்களைச் சோழவரத்துக்கு மோட்டார் ரேஸ் பார்க்கக் கூட்டிப் போனார். அந்தக் கூட்டத்தில் என் கை அம்மாவின் கையிலிருந்து நழுவிவிட்டது. நான் ஒரு ஐஸ் வண்டிக்காரர் பக்கத்தில் அசையாமல் நின்றேன். கார்கள் இரைந்துகொண்டு போயின. அழுகை முட்டியது, ஆனால் கால் நகரவில்லை. அம்மா என்னைக் கண்டுபிடித்தபோது அடிக்கவில்லை. மறுநாள் முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு மாமா குடியிருந்த போலீஸ் லைனுக்குப் போனாள்.

அவர்கள் வீட்டுக்கு நான் விளையாடப் போவேன். மாமாவின் மனைவியை அத்தை என்பேன். அத்தைக்குப் பிறந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். பேச்சில் தெலுங்கு கலந்து வரும். மகளிடம் பேசும்போது "நைனா வந்துட்டாரு பாரு" என்று வாயாலும் சொல்லுவாள், கையாலும் காட்டுவாள். தொப்பி போடுவதுபோலத் தலையில் கை வைத்தால் நைனா, அதாவது அப்பா. ஸ்டியரிங் திருப்பினால் லாரி. அந்த வீட்டின் பாஷை எனக்கும் மெல்ல மெல்ல வந்தது. இடி இடிக்கும்போது மாமா மகளின் உள்ளங்கையை எடுத்துக் கதவில் அழுத்தி வைப்பார். கதவு அதிர்வதை அவள் கண்ணை மூடிக்கொண்டு உணருவாள். நானும் ஒருமுறை கை வைத்துப் பார்த்தேன். எனக்குக் காது கேட்டதால் அது அவ்வளவாகத் தெரியவில்லை.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது, மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு காலையில் ரோட்டில் ஒரு நாய் அடிபட்டுக் கிடந்தது. லாரி பின்னங்காலில் ஏறியிருந்தது. பிள்ளைகள் நெருங்கிப் போனோம். மாமா கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். அடிபட்ட நாயைத் தொடக் கூடாது, வலியில் அது யாரென்று பார்க்காமல் கடிக்கும் என்றார். எங்களை ரோட்டைத் தாண்ட வைத்துவிட்டு, ஒரு கோணிப்பையை எடுத்துக்கொண்டு அவரே அதை ஓரத்துக்கு நகர்த்தப் போனார். நாய் திரும்பி மணிக்கட்டில் கவ்வியது. எங்களைப் பார்த்து, "சொன்னேன்ல?" என்று சிரித்தார். பிறகு பள்ளிக்கூடத்துக் குழாயில் சோப்பு போட்டுக் கழுவினார். நாய் மத்தியானத்துக்குள் செத்துப் போயிற்று. லாரி ஏறியதால் செத்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

டீச்சர் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். அத்தையும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். தினமும் பஸ் ஏறிப் போய் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு வர வேண்டும். திருவிழாப் பந்தோபஸ்து முடியட்டும், போகலாம் என்றாராம். அது வெறிநாய் இல்லை, வலியில்தானே கடித்தது என்றும் சொன்னாராம். திருவிழா முடிந்தபோது மணிக்கட்டில் காயம் ஆறி, தழும்புகூடச் சரியாகத் தெரியவில்லை. நாங்களும் மறந்துவிட்டோம்.

பொங்கல் கழிந்து சில வாரங்கள் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மாமா வந்தபோது முகம் வாடியிருந்தது. கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பேசும்போது தொண்டை கம்மியது. தலைமையாசிரியர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மாமா அதை வாங்கி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். உடனே அவர் கழுத்து வெட்டி இழுத்தது. டம்ளர் கீழே விழுந்து உருண்டது. ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார் என்று நாங்கள் சிரித்தோம். அவரும் சிரிக்கப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையின் அர்த்தம் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. பல வருஷம் கழித்து, நானே பிள்ளை பெற்ற பிறகு, ஒருநாள் சமைத்துக்கொண்டிருந்தபோது அது நினைவுக்கு வந்து அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அது அந்த நாய்க்கடிதான் என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

"இன்னிக்கு அவ்ளோதான். எல்லாரும் கிளாசுக்குப் போங்க" என்றார். மகள் ஓடிவந்து அவர் நிஜாரைப் பிடிக்கப் போனாள். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். அவளைத் தொடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, அரைநாள் பள்ளிக்கூடம். காலையில் நான் அவளைக் கூப்பிடப் போனபோது லைன் வாசலில் ஜீப் நின்றது. மாமாவை இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்து ஏற்றினார்கள். வேட்டி கட்டியிருந்தார். வேட்டியில் அவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அத்தையும் ஏறினாள். முன்னாலேயே யாரோ மகளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போய் நிறுத்தியிருந்தார்கள். ஜீப்பைப் பார்த்ததும் அவள் பிடித்திருந்தவர் கையை உதறிவிட்டு ஓடினாள். மாமா அவள் வருவதைப் பார்த்துவிட்டார். ஜீப்புக்குள்ளிருந்து கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டினார்.

அவள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

ஜீப் பட்டணத்துப் பக்கம் போயிற்று. வா என்று அவர் கையைத் திருப்பவில்லை. அதனால் அவள் நின்றாள். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. பள்ளிக்கூடத்து மணி அடித்தது. வெயில் ஏறியது. சாயங்காலம் வந்துவிடுவார் என்று நான் கையால் என்னென்னவோ சொன்னேன். அவள் ஜீப் போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் பக்கத்து வீட்டுக் கான்ஸ்டபிளின் பெண்டாட்டி வந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். இடுப்பில் தூக்குகிற வயசு இல்லை அவளுக்கு. ஆனாலும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் இரண்டு மூன்று நாள் இருந்தார். பிறகு இறந்துபோனார். உடம்பை ஊருக்குக் கொண்டுவரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்கள். அத்தை மட்டும் திரும்பி வந்தாள்.

மகளுக்கு எப்படிச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தை இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக் காட்டினாள். தலையில் தொப்பி, பிறகு கன்னத்தில் கை. செத்த காக்காய்க்கும் செத்த பூனைக்கும் அவர்கள் வீட்டில் அதுதான் சைகை. தூங்குவதற்கும் அதேதான். அவள் தலையாட்டிவிட்டு, எங்கே தூங்குகிறார் என்று கையை விரித்துக் கேட்டாள். அத்தை திரும்பவும் அதையே காட்டினாள். அவள் திரும்பவும் அதையே கேட்டாள். வீடு நிறைய ஆட்கள், எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவளுக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து மாமாவின் யூனிபாரத்தையும் பெல்ட்டையும் தொப்பியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போன அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. நான் அப்போது அங்கே இருந்தேன். வந்தவர் நல்ல மனுஷர், தலையைக் குனிந்துகொண்டுதான் வாங்கினார். தொப்பி வாசல் தாண்டிப் போவதைப் பார்த்ததும் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவளுடைய குரல் அப்படி இருக்கும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. தன் சத்தம் அவளுக்கே கேட்காததால், அதை எப்போது நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஊரில் கதை மாறிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றை வெறிநாய் துரத்தியதாகவும், மாமா குறுக்கே பாய்ந்ததாகவும் டீக்கடையில் பேசினார்கள். அப்பாவும் அப்படித்தான் சொன்னார். நான் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. எந்தப் பிள்ளையையும் அது துரத்தவில்லை. நாங்கள் எல்லோரும் ரோட்டைத் தாண்டிப் பத்திரமாக நின்றிருந்தோம். சாகிற நாய்மேல் இன்னொரு லாரி ஏறிவிடக் கூடாது என்று அதை ஓரமாக நகர்த்தினார், அவ்வளவுதான். அந்தக் கதை உண்மையாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் கோடை லீவில் அத்தை மகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போய்விட்டாள். வேறொரு கான்ஸ்டபிள் சில நாள் ரோட்டில் நின்றார், பிறகு நிற்கவில்லை. எழுபதுகளில் எங்கள் ஊரைச் சுற்றிக் கம்பெனிகள் வந்தன. லாரிகள் இரவும் பகலுமாக ஓடின. அதற்குள் நான் கல்யாணமாகித் திருவள்ளூருக்கு வந்துவிட்டேன்.

ஒரு தை அமாவாசையன்று வேண்டுதலுக்காகக் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கப் போனேன். படிக்கட்டில் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்கிறவர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் படியில் முழங்கால் வரை தண்ணீரில் ஒரு அம்மாள் குனிந்து நின்றாள். பக்கத்தில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டது அவள்தான். கன்னத்தைத் தொட்டாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேகவேகமாகக் கையால் ஏதேதோ சொன்னாள். தைப்பதாகச் சொன்னது புரிந்தது, ஊசி நூல் கோப்பதுபோலக் காட்டினாள். மற்றது எனக்குப் புரியவில்லை. அந்தப் பாஷையை நான் தொலைத்துவிட்டிருந்தேன். அவள் அதைத் தெரிந்துகொண்டு கையை மெல்லக் கீழே இறக்கினாள்.

அத்தை என்னைப் பார்த்தும் தண்ணீரைவிட்டு ஏறவில்லை. இரண்டு கையாலும் அள்ளுவாள், விரலிடுக்கில் வழிய விடுவாள், மறுபடியும் அள்ளுவாள். ஆண்பிள்ளை இல்லாததால் தர்ப்பணம் செய்ய ஆள் இல்லை, நீயே தண்ணீரை அள்ளி விடம்மா என்று ஐயர் ஒருவர் சொன்னாராம். அதிலிருந்து வருஷா வருஷம் பஸ் பிடித்து வருகிறாளாம்.

"ஒரு வாய் தண்ணி எறங்கல அவுருக்கு. தண்ணி தண்ணின்னு கேட்டுக்கினே இருந்தாரு. கொண்டாந்தா பயந்துக்கினு மூஞ்ச திருப்பிக்கினாரு. நா இன்னா செய்வேன் சொல்லு."

அவள் பக்கத்தில் தண்ணீரில் இறங்கி நின்றேன். வெல்லப் பொட்டலம் என் கையிலேயே நனைந்து கரைந்துகொண்டிருந்தது. போதும் என்று அவளுக்கு எப்போது தோன்றியது என்று தெரியவில்லை. நிமிர்ந்து, ஈரக் கையால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். பஸ் போய்விடும் என்றாள். பள்ளிப்பட்டு பஸ்ஸில் இருவரையும் ஏற்றிவிட்டேன். புடவை முழுக்க ஈரம். உட்கார்ந்தால் சீட் நனையும் என்று அத்தை நின்றுகொண்டே போனாள்.

அவர்களை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.